எள்ளும் கொள்ளும்

எண்பத்து மூன்று கிலோ நானூறு கிராம்.
இறங்கி, கழிப்பறை மூடியில் உட்கார்ந்தேன்.
தராசில் நிற்பதும் ஒரு வேலைதான்.

டொக்டர் ஏபி கதிரையைச் சுழற்றிச் சொன்னார்:
"தினமும் அரைமணி நேரம் நடவுங்கள்.
ஆரே ஆறு உங்கள் வீட்டுப் பக்கம்தானே."
நல்ல மனிதர். மலை ஏறுகிறவர்.
களைப்பு என்றால் அவருக்கு
பின்னேரம் பியரோடு காலை நீட்டும் சுகம்.

நடந்தேன்.
திங்கள், ஓல்ட்டனின் பழைய மரப்பாலம் வரை.
செவ்வாய், பாலத்தைக் கடந்து.
புதன் மூடுபனி, வாத்துகளின் சத்தம் மட்டும்.
வியாழன் காலை
பல் துலக்கும் பிரஷ் இரும்பாய்க் கனத்தது.

பதினொரு நாள்.
திரைச்சீலை வெளிச்சம்கூடக் கண்ணில் மணலாய் உறுத்தியது.
ஞானசீலன் வேலைக்குப் போகுமுன்
கரண்டியால் கஞ்சி தந்தான்.
நாலாவது வாயில், போதும் என்று கையைக் காட்டினேன்.
வயிறு நிறையவில்லை,
விழுங்கும் பலம் முடிந்திருந்தது.

அடுத்த முறை தராசில் மூன்று கிலோ குறைவு.
"பிராவோ!" என்று டொக்டர் எழுந்து கை நீட்டினார்.
என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்திருக்க வேண்டும்.
வெடிக்கவில்லை.
கோபத்துக்கும் செலவு உண்டு,
அன்றைய பலத்தை நான்
மாடிப்படிகளுக்கு எடுத்து வைத்திருந்தேன்.

சாமத்தியவீட்டு மண்டபத்தில் றஜிதா
என் தோளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"மெலிஞ்சு வடிவாயிட்டாய். என்னடி சாப்பிடுறனி?"
வருத்தம் என்றேன்.
"வருத்தமோ? பார்த்தால் தெரியேல்லையே"
என்று இன்னொரு ரோல்ஸ் வைத்தாள் என் தட்டில்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு.
சொன்னவர் யாரோ,
இரண்டு பேரும் ஒரே தோலுக்குள் குடியிருப்பதைக்
கண்டதில்லைப் போலும்.
மெலிந்தாலும் இளைத்தேன் என்கிறோம்,
ஓய்ந்தாலும் இளைத்தேன் என்கிறோம்.
நான் மெலியாமலே இளைத்தவள்.
எனக்கு எந்த விதை?

ஞானசீலன் தமிழ்க்கடையில் கொள்ளுதான் வாங்கினான்.
ஞாயிறுகளில் அவனே அவித்து
ஏழு டப்பாக்களில் அடைத்துத் தேதி எழுதுவான்.
மரக்கறி என் பங்கு.
ஒரு லீக்ஸின் பச்சைப் பக்கம் காலையில்,
வெள்ளைப் பக்கம் பின்னேரம்,
ஸ்டூலில் இருந்து, முழங்கையை மேசையில் ஊன்றி.
சோறு ஒரு சுண்டிலிருந்து அரைச் சுண்டானது.
பிஸ்கட் லாச்சி மட்டும் அடங்கவில்லை.
களைத்த உடம்பு சீனி கேட்கும்;
அது பசியில்லை என்று கண்டுபிடிக்க
எனக்கு ஒரு வருடம் எடுத்தது.
கண்டுபிடித்த பிறகும் சில இரவுகளில்
லாச்சி திறக்கிற சத்தம் கேட்கும்.
நான்தான்.

மாதம் இருநூறு கிராம். சில மாதம் அதுவும் இல்லை.

எங்கள் கட்டடத்தில் துணி துவைக்க
வீட்டுக்கு ஒரு நாள், இரு கிழமைக்கு ஒருமுறை.
என் நாளைத் தவறவிட்டேன், இரண்டு தரம்.
இரண்டாம் மாடி ஹுன்சிக்கர் அம்மா
கீழே ஒட்டியிருந்த அட்டவணையில்
தன் பெயரை வெட்டி என் பெயரை எழுதிவிட்டார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

இன்று அந்த நாள்.
மெஷின் சுற்றுகிறது, கூடை கீழேயே கிடக்கட்டும்.
லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி, நாற்பத்தாறு படி.
இடுப்பில் நழுவும் காற்சட்டைக்கு ஊசி குத்தியிருக்கிறேன்.
இருபத்து மூன்றாவது படியில்
கைக்கடிகாரம் கத்துகிறது: நாடி நூற்றைந்து.
வழமையாய் உட்காரும் இடம்,
ஹுன்சிக்கர் அம்மாவின் குடைத்தாங்கிக்குப் பக்கத்தில்,
இன்றைக்கு அங்கே ஒரு மெத்தைத் துண்டு.
பழசு. பூனை மயிர் ஒட்டியிருக்கிறது.

உட்காருகிறேன்.
நூறு. தொண்ணூற்றாறு.
உள்ளே அவருடைய வானொலியில் யாரோ வானிலை சொல்கிறார்கள்,
நாளைக்கும் மூடுபனியாம்.
தொண்ணூறு.
எழும்ப அவசரமில்லை.