நூற்று அறுபது மீட்டர்

பதிவேட்டில் எங்கள் மைதானம் இருநூறு மீட்டர்.
நாடா பிடித்து நானே அளந்தேன்: நூற்று அறுபது.
மிச்ச நாற்பதைத் தேயிலை வைத்திருக்கிறது.
தெற்கு மூலை சரிவு. அந்தப் பக்கம் உதைத்த பந்து
கோத்தகிரி பஸ்ஸை முந்திக்கொண்டு இறங்கிவிடும்.

வாரத்துக்கு இரண்டு பீரியட் எனக்கு.
ஒன்றைப் போஜராஜன் சார் கடன் கேட்பார்,
சிலபஸ் முடியவில்லை என்று.
கணக்கு வாத்தியார்தான்,
வாங்கின கடனுக்கு மட்டும் கணக்கில்லை.

ஒன்பதாம் வகுப்பு 'பி'யில் யோகமலர்.
டான்டீ லயனிலிருந்து வருகிறாள்.
ஏப்ரல் வெயிலிலும் மெரூன் ஸ்வெட்டர், அக்காவுடையது,
தொடைவரை தொங்கும்.
ஓடு என்றால் வயிற்று வலி.
போன வாரம் முட்டி. அதற்கு முந்தின வாரம் பல்.
பல்லுக்கும் ஓட்டத்துக்கும் என்னடி என்று கேட்கவில்லை.
வரிசையில் கிளம்புகிற அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.
ஆறாம் வகுப்பில் என் உடம்பைப் பார்த்தும் கிளம்பியது.
அதை அவளிடம் சொன்னால்
என் கதையாகிவிடும்.
சொல்லவில்லை.

ஐப்பசியில் மஞ்சு இறங்கியது.
கொடிமரம் போனது. கோல்கம்பம் போனது.
எதிரே நின்ற பிள்ளைகள்
இருமலும் கிசுகிசுப்புமாக மிஞ்சினார்கள்.
"யாருக்கும் யாரையும் தெரியாது இப்போ,
எனக்கும்தான். ஒவ்வொருத்தரா ஓடுங்க" என்றேன்.
காலடியில் கோடு மட்டும் தெரிந்தது.
சுண்ணாம்புக்குக் காசு வரவில்லை;
சத்துணவு அடுப்புச் சாம்பல் அது.

ஸ்டாப்வாட்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு
காதால் பார்த்தேன்.
பொத்துப் பொத்தென்று ஒரு காலடி,
தெற்கு மூலையில் மூச்சு உடைந்து, நடந்து,
பிறகு யாரும் சொல்லாமலே
மறுபடி பொத்துப் பொத்து.
ஐம்பத்தைந்து விநாடி.
பெயர் போடாமல் எழுதிக்கொண்டேன்.

அடுத்த பீரியட்டில் மஞ்சு இல்லை, வயிற்று வலி இருந்தது.
அதற்கடுத்தது மஞ்சு. ஐம்பத்து மூன்று.

போஜராஜன் சார் வந்தார்.
"இன்னிக்கு முடியாது சார், மஞ்சு இறங்கியிருக்கு."
ஜன்னலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
இந்தப் பள்ளிக்கு வந்த ஒன்பது வருஷத்தில்
அவரிடம் நான் சொன்ன முதல் முடியாது.
கை நடுங்கியது; விசில் கயிற்றைச் சுற்றிக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமைதான்,
அவள் பாதி வட்டத்தில் இருக்கும்போது
ஈரத் துணியை உதறினாற்போல் மஞ்சு விலகியது.
மொத்த 'பி' பிரிவும் பார்த்தது.
தேயிலைக்குள் நின்ற ஒற்றைக் காட்டெருமையும்
மெல்லுவதை நிறுத்திப் பார்த்தது.
அவளும் பார்த்தாள், தன்னை எல்லாரும் பார்ப்பதை.

நின்றாள்.

விசிலைக் கடித்தேன். ஊதவில்லை.
இவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது
நானா வானிலையா தெரியவில்லை,
தப்பானால் இரண்டும் சேர்ந்து செய்த தப்பு.
அவள் ஸ்வெட்டரைத் தலைவழியே இழுத்தாள்.
கழுத்தில் சிக்கியது. கொஞ்ச நேரம்
தலையில்லாத ஒரு மெரூன் மூட்டை
கைகளை ஆட்டிக்கொண்டு நின்றது.
யாரோ சிரித்தார்கள் நிச்சயமாக.
பிய்த்துக் கழற்றி,
கோல்கம்பத்தின் மேல் வீசிவிட்டு,
ஓடினாள்.

அறுபத்து மூன்று விநாடி.
கழற்றிய நேரத்தை நான் கழிக்கவில்லை.

மறுநாள் காலை ஸ்வெட்டர் அங்கேயே தொங்கியது,
பனி குடித்துக் கனத்து.
"அக்கா திட்டினா டீச்சர், மறந்தே போயிட்டேன்."

வருஷக் கடைசியில் அலுவலகத்திலிருந்து படிவம் வந்தது.
உயரம், எடை, பார்வை எழுதினேன்.
கடைசிக் கட்டம்: தன்னம்பிக்கை, பத்துக்கு எத்தனை?
'ஸ்வெட்டரை மறந்துவிட்டுப் போனாள்' என்று எழுதி அனுப்பினேன்.
திரும்பி வந்தது.
சிவப்பு மையில்: எண் மட்டும் குறிப்பிடவும்.

அறுபத்து மூன்று என்று குறிப்பிட்டேன்.