மீசையில் மண்

ஓஸ்த்ராவாவில் பனி. இரவு டிராம் ஓட்டி வந்து
கோட்டைக் கழற்றாமலே
தொட்டி விளக்கைப் போடுகிறாள் ராத்மிலா.
இன்றும் மிதக்கிறது செடி,
வேர் மேலே, இலை கீழே.
அடிமணலை உழுதுவிட்டுக் கிடக்கும் கெளுத்திக்கு
மீசையில் மண் ஒட்டவில்லை.

மூன்றாம் முறை.
இடுக்கியை வீசிவிட்டு
கடுகு விழுது தீர்ந்த குப்பியைக் கழுவுகிறாள்.
விரலில் இன்னும் காரம்.
களிமண், மேலே கூழாங்கல், நடுவில் செடி;
கழுத்து புதையாமல்.

குப்பி இறங்குகிறது. ஒரு குமிழ்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

வாரத்துக்குள் இலையெல்லாம் கரைந்து கூழாயிற்று.
கரையும், தூக்கிப் போட்டுவிடாதே என்றிருந்தார்
கடைக்கார ஸ்வதோப்லுக்.
போடவில்லை, சோம்பலில்.

பதினோராம் நாள்
நகக்கண் அளவில்
ஒரு பழுப்புச் சுருள்.

கெளுத்தி குப்பியை முட்டிப் பார்க்கிறது.
அசையவில்லை.
மறுபடியும் முட்டுகிறது.

பத்தரைக்கு அவள் வண்டி எடுக்க வேண்டும்.
நனைந்த கம்பளிக் கையோடு
இன்னும் நிற்கிறாள்.