நான்காவது மூலை

திருமதி தார்ன்பரோ கேட்டது இவ்வளவுதான்:
நான்கு மூலைக்கும் ரோஜா,
ஓரம் முழுக்க ஐவிக்கொடி,
நடுவில் வேலைப்பாடு வேண்டாம், அங்கே வறுத்த வாத்து வரும்.
வெள்ளை லினனில் வெள்ளை நூல்.
பகட்டு தெரியக்கூடாது, விலை தெரியவேண்டும்.

கெசையா பெல் கூலிக்கு வந்தவள்.
மே கடைசியிலிருந்து பதினோரு வாரம்,
வடக்குப் பார்த்த ஜன்னல்,
நாளுக்கு ஒரு ஷில்லிங், மதியம் ஆறிப்போன ஆட்டிறைச்சி.
மூன்று மூலைகளில் சொன்னபடி ரோஜா வைத்தாள்,
அரும்பு, போது, மலர் என்று படிப்படியாக.
வீ மட்டும் இல்லை.
உதிர்ந்த பூவை யார் காசு கொடுத்துத் தைக்கச் சொல்வார்கள்?

நான்காவது மூலைக்கு வந்தபோது
அவளுக்கு என்ன தோன்றியதோ.
இடஞ்சுழியாய் முறுக்கி ஒரு தண்டு,
அம்புமுனை இலை,
ஊதுகுழல் வாய்போல ஒரு பூ.
பைண்ட்வீட்.
நம் ஊர்த் தாளிக்கு ஒன்றுவிட்ட தங்கை.
யார்க்‌ஷயர் வேலிகளின் கழுத்தை நெரிப்பது அதன் தொழில்.
விரற்கடை வேர் மிஞ்சினால் போதும்,
வெட்டியவன் வீடு போய்ச் சேருமுன் துளிர்த்துவிடும்.

வெள்ளையில் வெள்ளை. எவரும் பார்க்கவில்லை.
பதினாறு கிறிஸ்துமஸ், இரண்டு திருமணம், ஒரு ஞானஸ்நானம்;
அந்தப் பூவின்மேல் கடுகுக் கிண்ணம் உட்கார்ந்திருந்தது.
சுற்றியிருந்தவர்கள் அலர் பேசினார்கள்.
அலர் என்றால் விரிந்த பூ,
அலர் என்றால் ஊர்வாய்.
இரண்டில் ஒன்றுதான் அந்த மேஜையில் கண்ணுக்குப் பட்டது.
கெசையாவின் பெயரும் ஒருமுறை அடிபட்டது,
கூடவே தோட்டக்காரன் பெயரும்.
அதற்குள் புட்டிங் வந்துவிட்டது.

பிறகு ஒரு பிப்ரவரியில்
பாதிரியார் ஆம்ப்ளரின் முழங்கை.
கோப்பை சாய்ந்தது.
உப்பை அள்ளிக் கொட்டுவதற்குள்
சிவப்பு ஒயின் நூல்வழியே ஊர்ந்து, தண்டில் ஏறி, இலையில் நின்று,
பூவின் வாய்வரை வந்துவிட்டது.

“இது ரோஜா இல்லையே.”

ஜேபஸ் ஹோல்ராய்டைக் கூப்பிட்டனுப்பினார்கள்.
பூட்ஸைக் கொல்லைக் கதவில் கழற்றிவிட்டு,
காலுறைக் கிழிசலைக் கம்பளத்தில் மறைத்து மறைத்து வந்தான்.
இருபத்துநாலு வருடமாக
இந்த வீட்டு மண்ணிலிருந்து
அவன் பிடுங்கிக்கொண்டிருக்கும் கொடி.

குனிந்தான்.
தண்டின் சுழி, இலையின் பிளவு, எதுவும் தவறவில்லை.
நினைவிலிருந்து தைத்ததில்லை இது.
அன்றன்றைக்கே சுருங்கிவிடும் பூ;
வாடுமுன் யாரோ ஜன்னலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கவேண்டும்,
ஜூலை முழுக்க, தினம் ஒன்று.
அந்தக் கையை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

“லில்லி வகை, அம்மா. தென்தேசத்து லில்லி.”

“எவ்வளவு அழகு! நம் தோட்டத்தில் ஏன் இல்லை?”

உப்பு ஒயினைக் குடித்துக்கொண்டிருந்தது.
கோட்டுப் பைக்குள்ளே அவன் விரல்கள்
காலையில் தோண்டிய வெள்ளை வேர் ஒன்றை
உருட்டிக்கொண்டிருந்தன.

“குளிர் தாங்காது, அம்மா.”