இருப்பு

ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்த பணத்தில்
முதல் நாளே பதினோரு பெயர் வாங்கினேன்.
ரோபோ தறி டாட் காம்.
ரோபோ பண்ணை டாட் காம்.
தேங்காய் பறிக்க ஒன்று, பால் கறக்க ஒன்று.
விடிவதற்குள் யாராவது எடுத்துவிடுவார்களென்று
ராத்திரி ஒன்றரைக்கு எழுந்து வாங்கியது
இட்லி ரோபோ.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவள் நான்.
விலை ஏறட்டும் ஏறட்டும் என்று
ஆறு வருசம் மூட்டையை அடுக்கி வைத்தவர்களின் பேரேடு
என் கையெழுத்தில்தான் இருக்கிறது.
மஞ்சளில் வண்டு விழும்.
பெயரில் வண்டு விழாதுங்க என்றேன் வீட்டுக்காரரிடம்.
"ஈமு கோழிக்கும் சீக்கு வராதுன்னுதான் சொன்னாங்க"
என்றார் சென்னியப்பன்.
அவர் அண்ணன் அதற்குப் போட்ட கம்பிவேலியில்தான்
இன்றைக்கும் எங்கள் துணி காய்கிறது.

இப்போது நாற்பத்தொரு பெயர்.
ஒன்றுக்கு வருசம் தொள்ளாயிரம்.
முப்பத்தாறாயிரத்துத் தொள்ளாயிரம்:
வெள்ளாமையுமில்லை வட்டியுமில்லை,
என்னுடையது என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் கூலி.

பெருந்துறை ரோட்டில் சைட் வாங்கியிருந்தால்
மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லாவது நிற்கும்.
ஒறம்பரை வந்தால் கூட்டிப் போய்
இங்கிருந்து அந்த வேம்பு வரைக்கும் என்று கை நீட்டலாம்.
இதற்கு எந்தப் பக்கம் நீட்ட?

ஆடியில் ஒரு போன்.
"தாரணிதரனுங்க. கோயமுத்தூர் கணபதில சின்னப் பட்டறைங்க.
தொட்டி ரோபோங்கற பேரு உங்ககிட்ட இருக்குதுங்களா?"

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்து வாங்கியது அது.
அவன் செய்வது
சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள்
ஆளுக்குப் பதிலாக இறங்குவது.
வாயு அதை ஒன்றும் செய்யாதாம்.
"போன வருசம் எங்க மாமன் ஒருத்தரு இறங்கி…"
என்று ஆரம்பித்தவன்
"அத உடுங்க, விலையச் சொல்லுங்க" என்றான்.

கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில்
துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்கள்.
விரல் நடுங்கினால் எதிராளிக்குத் தெரிந்துவிடும்.
போனில் விரல் ஏது.
இரண்டு லட்சம் என்றேன்.
என் மண்டி முதலாளி பேசியது போலவே இருந்தது.

அந்தப் பக்கம் லேத் ஓடும் சத்தம்.
பிறகு, "ரோசனை பண்ணிச் சொல்றனுங்க."

சொல்லவில்லை.
ஒன்றரை, எண்பதாயிரம், நாற்பது என்று
என் கையை நானே துண்டுக்கடியில் பிடித்துப் பேசி
ஐப்பசி முடிவதற்குள் பன்னிரண்டாயிரத்துக்கு வந்திருந்தேன்.

கார்த்திகையில் பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
ஒரு டெம்போ. தார்ப்பாய்க்குக் கீழே
கழுத்துவரை சாயச்சேறு காய்ந்த ஒரு இரும்பு நண்டு.
கதவில் எழுதியிருந்தது:
தொட்டி ரோப்போ டாட் காம்.

ஒரு 'ப்' கூட.
அதற்குத் தொள்ளாயிரம் கொடுத்திருப்பான்.

நான் வைத்திருந்தது பெயர்.
அவன் வைத்திருப்பது தொட்டிக்குள் இறங்குகிறது.
இதைச் சென்னியப்பனிடம் சொல்லவில்லை.

இன்று ராத்திரி, புதுப்பிக்கக் கடைசி நாள்.
விட்டுவிடலாமென்றுதான் திறந்தேன்.
'இந்தப் பெயர் விற்பனைக்கு' என்ற ஒற்றை வரி தவிர
ஒன்றுமில்லாத என் பக்கத்துக்கு
இந்த வாரம் ஏழு பேர் வந்து போயிருக்கிறார்கள்,
எழுத்துப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள்.
விலை கேட்கும் பெட்டியில் ஒருவர்:

"தொட்டி அடச்சுக்கிச்சுங்க. காத்தால ஆறு மணிக்கு
ரெண்டு பேர எறக்கறோம்.
அதுக்குள்ள உங்க மிஷினு வருங்களா?
என்ன ரேட்டுங்க?"
கீழே ஒரு போன் நம்பர்.

மணி பதினொன்றே முக்கால்.
பணம் கட்ட வந்த ஓடிபி
பத்து நிமிஷம் செல்லும் என்கிறது. செல்லட்டும்.
ஆடியில் வந்த அந்த நம்பரைத்
தேடிக்கொண்டிருக்கிறேன்.
பெயர் போட்டுப் பதியவில்லை அதை.