கட்டுப்போட்ட காலும் ஒரு முள்ளெலியும்

கடிகாரத்தில் மூன்றரை.
குவோபியோவில் வெயில் அதற்கும் முன்னமே எழுந்து
சமையல் மேசைவரை வந்துவிட்டிருக்கிறது.
பேருந்து ஓட்டுகிற தைமிக்கு
இடது கணுக்காலில் மாவுக்கட்டு,
இன்னும் பதினெட்டு நாள்.
பின்வாசலில் நாற்காலி,
கவிழ்த்த வாளிமேல் அந்தக் கால்.
மருந்துக்கடை உறையின் பின்பக்கத்தில்
நேரம் குறிக்கிறாள்
வருவது, போவது, தாமதம்.

4.10. வாலாட்டி. கூரை விளிம்பில் முதல் நடை.
4.22. அதே வாலாட்டி, அலகில் மூன்று கொசு.
4.23. அதுவா, அதன் ஜோடியா?
எண்பலகை இல்லாத வண்டிகள்.

ஆறு மணிக்கு அணில்.
செம்பட்டை உடம்பு, காதில் கொத்து மயிர்,
முதுகில் ஒரு கோடுகூட இல்லை.
எந்தப் பாலத்துக்கும் மணல் சுமக்காத வம்சம்.
தீனிப்பெட்டியின் மூடியைத் தூக்குகிறது,
காலி, விடுகிறது,
மறுபடி தூக்குகிறது.
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள்
ஓட்டுநரைப் பார்க்கிற அதே பார்வை.
"பனி விழட்டும், வா" என்கிறாள்.

பதினொன்றுக்குச் சண்டை.
பிர்ச் மரத்துக் கூட்டுக்கு
நல்ல பிள்ளைபோல் நடந்து வந்தது மாக்பை.
சாம்பல் தலைப் பூங்குருவிகள் ஐந்தாறு
மேலிருந்து பாய்ந்து பாய்ந்து
குறிபார்த்து எச்சமிட்டன.
மாக்பைக்குப் பாதி,
மீதி, பக்கத்துவீட்டுக் கொடியில்
உர்போவின் வெள்ளைச் சட்டைக்கு.
"உன் பறவைகள்!" என்றான் வேலிக்கு மேலாக.
"என்னிடம் ரசீது இல்லையே" என்றாள்.

மதியம் இருபத்தொன்பது டிகிரி.
*எதுவும் வரவில்லை* என்று எழுதி
உடனே அடித்தாள்.
ஓர் எறும்பு வாளியில் ஏறி
பெருவிரலைச் சுற்றி
மாவுக்கட்டுக்குள் இறங்கியது.
சேருமிடம் தெரியவில்லை.
பின்னல் ஊசியை விட்டுப் பார்த்தாள்.
ஊசிக்கு எட்டாத இடத்தில்
யாரோ நடந்துகொண்டே இருக்கிறார்கள்.

இரவு ஒன்பதரை, இன்னும் மஞ்சள் வெளிச்சம்.
உர்போவின் புல்வெட்டும் ரோபோ
கொட்டகையிலிருந்து தானே கிளம்பிற்று.
அதே நேரம் கரன்ட் புதரடியில் ஒரு சலசலப்பு.
முள்ளெலி,
தும்மியபடி, தரையை முகர்ந்தபடி,
வேலியின் ஓட்டை வழியாக
உர்போவின் புல்லுக்கு.

பயந்தால் அது ஓடாது.
சுருண்டுகொள்ளும்.
நரிக்கு அது புரியும்.
பிளேடுக்கு?

ஊன்றுகோல், ஒற்றைக் கால்,
திறக்காத வேலிக்கதவு, ஒரு கெட்டவார்த்தை.
ரோபோவின் வயிற்றடியில் கோலை நுழைத்து
புரட்டிப் போட்டாள்.
மல்லாந்த ஆமைபோல் அது கீச்சிட்டது.
சௌனாவிலிருந்து துண்டோடு ஓடிவந்தான் உர்போ,
தோளெல்லாம் ஆவி.

கேட்க வாய் திறந்தவன்
காலருகே முள்பந்தைப் பார்த்தான்.
இருவரும் அசையவில்லை.
கொசு கடித்தது, அடிக்கவில்லை.
பந்து கொஞ்சம் தளர்ந்தது,
ஒரு மூக்கு வந்தது.
பிறகு நத்தையைச் சப்புக்கொட்டித் தின்னும்
அந்த வெட்கமற்ற சத்தம்.

"இதுவும் உன்னுடையதா?"
"உன் புல்லில் நிற்கிறது. உன்னுடையது."

உர்போ குனிந்து ரோபோவை அணைத்தான்.
நாளைக்கும் அணைப்பானா என்று
அவள் கேட்கவில்லை, அவன் சொல்லவில்லை.

11.40. ஏரிக்குப் பின்னால் சூரியன் போயாயிற்று,
இருட்டு மட்டும் வந்து சேரவில்லை.
உறையில் கொஞ்சம் இடம் மிச்சம்.

*முள்ளெலி: பத்து நிமிடத் தாமதம்.
எறும்பு: இன்னும் உள்ளே.*