சனிக்கிழமைக்கு

ஃப்ரீசரின் அடித்தட்டில், பட்டாணிப் பொட்டலத்துக்கும்
அக்கா உறையவைத்த பருப்புக்கும் கீழே
ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே மத்தி, இருபத்துமூன்று.
பைமேல் தடித்த கறுப்பு மையில் அத்தானின் எழுத்து:
சனிக்கிழமைக்கு. யாரும் தொடாதீர்கள்.

அந்தச் சனிக்கு இரண்டு நாள் முன்பே
பேக்கரியில், மாவு மூட்டைகளின் நடுவே
அத்தான் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் முடிந்தது.
வாடகை நாற்காலிகள் லாரி ஏறின.
பிரியாணி அண்டாக்களை யாரோ கழுவித் திருப்பினார்கள்.
சட்டைகளைக் கோயிலுக்குக் கொடுத்தோம்,
தூண்டில் கழிகளைப் பக்கத்து வீட்டு ரூபனுக்கு.
தெரோஷ்னி எதற்கும் வாய் திறக்கவில்லை.
இடம் வேண்டி அந்தப் பையை நான் எடுத்தபோதுதான்
ஒன்பது வயதுக் கை என் மணிக்கட்டைப் பிடித்தது.
"படிக்கத் தெரியாதா சித்தி?"

பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள்,
துயரத்தில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவது எப்படி என்று.
நான் மருந்துக் கடைக்காரி.
சீட்டில் உள்ளபடி எண்ணிக் கொடுத்தே பழகியவள்.
சாப்பாட்டுக்குப் பின், இரண்டு வேளை,
"அப்பா உன்னைப் பாத்துக்கிட்டேதான் இருக்கார்" என்றேன்.
"எங்கேருந்து?" என்றாள்.
தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை.

ஜூலையில் ஓர் இரவு, சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெரு
டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது.
வழக்கமான மின்வெட்டு என்றால் இரண்டு மணி நேரம்,
மூடியைத் திறக்காமல் சமாளித்துவிடுவோம்.
இது நாள்கணக்கில் நீண்டது.
பெட்ரோல் பங்கில் பனிக்கட்டி வாங்கினேன்,
அங்கே தீர்ந்ததும் அடுத்த பங்கில்,
பிறகு யாரிடமோ கெஞ்சி ஒரு மீன் கிடங்கில்.
அவள் வீட்டுக் கம்பளிகளையெல்லாம் ஃப்ரீசருக்குப் போர்த்தினாள்.
"சூடாகிடுமே கண்ணு?"
"குளிரையும் அது பிடிச்சு வைக்கும். அப்பா சொன்னார்."

மூன்றாம் இரவு. அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி.
தண்ணீர் குடிக்க வந்த நான் டார்ச் அடித்தேன்:
ஃப்ரீசரில் முதுகு சாய்த்துத் தரையில் இருந்தாள்.
அடியிலிருந்து கசிந்து பைஜாமா நனைந்திருந்தது.
வாடை கிளம்பிவிட்டது. இருவரும் அதைச் சொல்லவில்லை.
நானும் ஈரத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பாவை எரிச்சிட்டீங்க," என்றாள்.
"என்கிட்ட கேக்கவே இல்ல."

கேட்கவில்லைதான்.
அவளுக்குக் கார்ட்டூன் போட்டுக் கொடுத்துவிட்டு
நாங்கள் க்ளேர் எஸ்டேட் போய் வந்தோம்.
சின்னப் பிள்ளை, பார்க்க வேண்டாம் என்றது நான்.
இருட்டில் அதைச் சொன்னேன்.
"நான்தான் சொன்னேன். தப்பு."

அப்போது அழுதாள், அன்றிலிருந்து முதல் முறையாக,
வாய் பிளந்து, மூக்கு ஒழுக, என் தோளைக் கடித்து.
கடிக்கட்டும் என்றிருந்தேன்.

பிறகு விக்கலுக்கு நடுவே கேட்டாள்,
"இன்னிக்கு என்ன கிழமை சித்தி?"
விரல் விட்டு எண்ணினேன். நேற்று வெள்ளி.
நடுநிசி தாண்டியிருந்தது.

நான்கு மணிக்குப் புறப்பட்டோம். அத்தான் நேரம் அதுதான்.
ப்ளூ லகூனில் ஏழெட்டுப் பேர், தலையில் விளக்கு கட்டி,
ஆற்றுமுகத்தைப் பார்த்து நின்றிருந்தார்கள்.
ஒருவர் எட்டிப் பார்த்து, "பாப்பா, இது அழுகின இரை,
ஒண்ணும் கடிக்காது" என்றார்.
"தெரியும் அங்கிள்."
ஒவ்வொன்றாக எறிந்தாள், சத்தமாக எண்ணி.
பதினேழில் ஒரு கடற்பறவை பாய்ந்ததில் கணக்கு தவறியது.
சிரித்துவிட்டாள். சிரித்ததற்கு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.
நான் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததை எடுத்துக் கொடுத்தேன்.

பையை மட்டும் கடல்நீரில் அலசி,
எழுத்து உள்ளே வரும்படி மடித்து வைத்துக்கொண்டாள்.

காரில் அந்த நாற்றம் இன்னும் போகவில்லை.
சோப்பு, எலுமிச்சை, சாம்பிராணி, எதற்கும் மசியவில்லை.
காலையில் பள்ளிக்குப் போகும்போது
நான் கண்ணாடியை இறக்குவேன்.
அவள் தன் பக்கத்தை ஏற்றிவிடுவாள்.