பிந்திய பதிவு

வள்ளியூர் கோர்ட்டில் நான் மூன்றாம் பிரதிவாதி.
முதலாவது அரசாங்கம். அது வரவில்லை.
இரண்டாவது டாக்டர். அவருக்கு வாய்தா.
மிஞ்சியவள் அமலோற்பவம்,
ராதாபுரத்துக்குத் தெற்கே ஆரம்ப சுகாதார நிலையம்,
இரவுப் பணிச் செவிலியர்.
கூண்டின் கட்டையில்
எவர் விரலோ தேய்த்துத் தேய்த்து ஒரு பள்ளம்.
என் விரலும் அதில் போய் உட்கார்ந்தது.

வக்கீல் கேஸ் ஷீட்டை விரித்தார்.
வேற்று வீட்டுக் கொடியில் காயும் என் சேலை மாதிரி
என் கையெழுத்து.

ஒன்று நாற்பது: ஆண் குழந்தை, உடனே அழுதது.
ஒன்று நாற்பத்தொன்று: ஆக்சிடோசின் பத்து யூனிட், தொடையில்.
ஒன்று ஐம்பது: உதிரப்போக்கு அதிகம். டாக்டருக்குப் போன்.
சொன்ன மருந்தைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யப்பட்டது.
இரண்டு இருபத்தெட்டு: நூற்றெட்டு வண்டி வந்தது.

"நடுவில் முப்பத்தெட்டு நிமிஷம்.
ஒரு எழுத்துக்கூட இல்லை.
எழுதாதது செய்யாததுதானே சிஸ்டர்,
உங்கள் பாடத்தில்?"

அப்படித்தான் ஐயா.

அந்த முப்பத்தெட்டு நிமிஷமும்
என் வலது முஷ்டி அவளுக்குள்,
இடது கை அடிவயிற்றின் மேல்,
இடையில் நனைந்த சாக்காய்த் தொய்ந்த கருப்பை.
விட்டால் போய்விடும்.
ஆயா சொர்ணம் மருந்தை ஏற்றிவிட்டு, கரெண்ட் போனதும்
டார்ச்சைப் பிடித்தபடி அழுதாள்.
ஜன்னலுக்கு வெளியே காற்றாலை விளக்குகள்
எல்லாம் ஒன்றாய்ச் சிவந்தன, ஒன்றாய் அணைந்தன.
அவற்றைத்தான் எண்ணினேன்.
கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால்.

ஐகிரவுண்டில் அவளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கித்
திரும்பியபோது விடிந்துவிட்டது.
தாளில் எட்டு வெற்று வரிகள் காத்திருந்தன.
ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக
நாடியும் பிரஷரும் பின்னி முடித்திருக்கலாம்.
"எழுதிப் போடுங்க சிஸ்டர், எவன் பாக்கப் போறான்"
என்றார் பார்மசிஸ்ட் தாணுமாலயன்,
நல்ல மனுஷர், எனக்காகத்தான் சொன்னார்.
பேனா மூடியைக் கழற்றி
கொஞ்ச நேரம் வைத்திருந்தேன், மறைப்பானேன்.
பிறகு எட்டு வரிக்கும் குறுக்கே ஒரே கோடு.
கீழே: பிந்திய பதிவு, காலை ஆறு இருபது.
செய்தது இன்னது.
நாடி பார்க்கவில்லை. கை இல்லை.

"கை இல்லை"யை வக்கீல்
இரண்டு தரம் வாசித்தார்.
பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

ஐகிரவுண்டில் உயிரைக் காப்பாற்றி
கருப்பையை எடுத்துவிட்டார்கள்.
வழக்கு அதற்கு. பதினெட்டு லட்சம் போட்டிருந்தது.

அடுத்து சம்மதப் படிவம்.
அன்று பேனாவுக்கு முதலில் கை நீட்டியவர் மாமியார்,
"நான் போடுதேன்" என்று புருஷன் சுயம்புலிங்கம்.
இருபத்திரண்டு வயசு, புத்தி தெளிவு, அவள்தான் போடணும்
என்று நான் சண்டை பிடித்தது எந்தத் தாளிலும் இல்லை.
ஆகவே செய்யாதது.

"இது உன் கையெழுத்தே இல்லையேம்மா?"
அவள் வக்கீல் பதிலையும் கேள்விக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்.
பிரம்மசக்தி படிவத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.
கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கி
தாளின் ஓரம் வரை இழுத்துக்கொண்டு போயிருந்தது.
"என்னதுதான். 'தி' போடுதப்போ வலி வந்துட்டு.
பேனா ஓடிட்டு."
சுயம்புலிங்கம் மின்விசிறியைப் பார்த்தான்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்கவேண்டிய கடனும் இல்லை.

வாய்தா பதினாலாம் தேதிக்கு.
இரவு எட்டு மணிக்கு டூட்டி.

சம்பவத்துக்கு மறுநாளே
மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன்:
கடிகாரத்தைப் பிரசவ மேஜைக்கு எதிர்ச்சுவரில் மாட்டித் தரவும்.
ஒன்றரை வருஷமாகப் பதில் இல்லை.
நானே ஆணி அடித்துவிடலாம். அரசாங்கச் சுவர்.
நகல் என் பீரோவில் இருக்கிறது,
தேதியோடு, நேரத்தோடு.